ஆயிரத்தில் எழுதவும்

ஜனவரி 9

அன்பு மருமகளே,

இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் புள்ளிவிவர அலுவலகத்தில் எண்களையே மென்று விழுங்குகிறாயா?

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இப்போதே சத்தியம் செய்து தருகிறேன். உன் அம்மா நிச்சயம் நம்பமாட்டாள். எனக்குத் தங்கையாகப் பிறந்த நாளிலிருந்து அவள் என்னை நம்பியதில்லை.

கதை இதுதான். எங்கள் சாய ஆலை சுற்றுச்சூழலைப் பாதுகாக்கிறது! எப்படிப் பாதுகாக்கிறது என்கிறாய்? சுற்றுச்சூழலே கூச்சப்பட்டு, "போதும் ஐயா, இவ்வளவு வேண்டாம்" என்று கும்பிடுகிற அளவுக்கு. நாங்கள் வாய்க்காலில் விடும் தண்ணீரில் குடியிருக்க வேண்டுமென்றால் மீன்கள் சிபாரிசுக் கடிதத்தோடு வரவேண்டும். போன வாரம் ஒரு கெண்டையைத் தகுதி போதாது என்று நானே திருப்பி அனுப்பினேன்.

விஷயம் என்னவென்றால், உங்கள் அலுவலகத்துப் படிவம் இங்கே வந்தது. "சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு உங்கள் நிறுவனம் சென்ற ஆண்டு செய்த செலவு." சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பகுதிக்கு இருபத்தாறு வருஷமாக நான்தானே சக்கரவர்த்தி? என்னைத்தான் நிரப்பச் சொன்னார்கள். தொகையை மானேஜர் சொன்னார். எதைக் கேட்டாலும் "சரி சரி" என்பதால் அவருக்கு ஆலையில் அதுவே பெயர். சரிசரி சொன்னார், நான் எழுதினேன், அனுப்பினேன். இனி நாட்டின் கௌரவம் உன் கையில்.

எனக்குப் பணி ஓய்வு ஆகஸ்ட் கடைசியில். அதற்கப்புறம் என் ராஜ்யம் வெறும் சமையலறை வாசல் வரைதான்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ நடுவில் "மாமா, போதும்" என்று வெட்டிவிடுவாய். கடிதத்துக்கு அந்த வாய் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் படிவம் எங்கள் கணினியை நிறுத்திவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாடு முழுவதும் இயற்கையைக் காப்பதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. அந்த எண் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிட்டது. எங்கே என்று தேடினால் ஒரு சாய ஆலை. யார் நிரப்பியது என்று பார்த்தால் உங்கள் பெயர்!

மாமா, அந்தக் கட்டத்துக்கு மேலேயே "ஆயிரத்தில் எழுதவும்" என்று போட்டிருக்கிறது. நாற்பத்தெட்டு லட்சம் என்றால் 4,800 என்று எழுத வேண்டும். நீங்கள் 48,00,000 என்று முழுசாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குப்படி உங்கள் ஆலை தண்ணீர் சுத்தம் பண்ண நானூற்று எண்பது கோடி செலவழித்திருக்கிறது.

நீங்கள் என் மாமா என்பதை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். "எழுதிக் கேள், ஆனால் முடிவை நான் பார்க்கிறேன்" என்றார். சரியான தொகையை எழுதி அனுப்புங்கள். நீங்கள் எங்களுக்குச் சொல்வதை நாங்கள் வேறு எந்த அலுவலகத்துக்கும் காட்டக்கூடாது. அப்படி உறுதிமொழி எடுத்துத்தான் இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகையால் கூச்சப்படாமல் திருத்துங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

அன்பு தசமப்புள்ளியே,

நலம். உன் அத்தையின் முழங்கால் இப்போது மழை வருவதை மூன்று நாள் முன்பே அறிவிக்கிறது. வானிலை அலுவலகத்தார் வாடகைக்குக் கேட்கிறார்கள்.

நானூற்று எண்பது கோடியில் என்ன தப்பு? தொட்டிக்குத் தங்கத் தகடு, ஏணிக்கு வெள்ளிப் பூண், நுரையை வாரித் தள்ள வெளிநாட்டிலிருந்து அன்னங்கள், அவற்றுக்கு ஓய்வூதியம். எல்லாம் கூட்டிப்பார், இன்னும் பற்றாக்குறைதான் வரும்.

உலகத்தில் யாருமே இதைக் கேட்க வரமாட்டார்களோ என்று நினைத்தேன். நீ வந்தாய். சந்தோஷம்.

சரி, திருத்திக்கொள். 4,800.

உன் மாமா


பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நன்றி. இங்கே எல்லோரும் நலம். உங்கள் அன்னங்களைப் படித்துவிட்டு எங்கள் பிரிவே ஒரு மணி நேரம் வேலை செய்யவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். உங்கள் ஆலையின் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் 4,800. அதற்கு முந்தின வருஷமும் 4,800. மின்கட்டணம் இரண்டு தடவை ஏறியிருக்கிறது, கூலி ஏறியிருக்கிறது. உங்கள் தொகை மட்டும் அசையாமல் நிற்கிறதே?

மின்சாரம், ரசாயனம், கசடு அகற்றுதல், கூலி, பழுது பார்த்தல் என்று ஐந்து வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். ஏப்ரல் இருபதுக்குள் வந்தால் போதும்.

உடம்பு எப்படி இருக்கிறது? உங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதேயில்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 3

அன்பு மருமகளே,

நான் இரும்பு. இரும்பாவது துருப்பிடிக்கும், நான் அதுவும் பிடிக்காத ஜாதி.

நீ கேட்ட விவரம்: கசடு. நாங்கள் அள்ளும் கசட்டைக் குவித்தால் மலையாகி, அதன் உச்சியில் பனி பெய்யும். ரசாயனம். மூட்டை மூட்டையாக வருகிறது. மூட்டை தூக்கியவர்களெல்லாம் இப்போது மல்யுத்த வீரர்கள். கூலி. எனக்கும் என் உதவியாளுக்கும் சம்பளம் கொடுத்தே ஆலை ஓட்டாண்டியாகிவிட்டது. பழுது. எங்களிடம் எதுவுமே பழுதாவதில்லை. பழுதாகிற பொருளெல்லாம் என்னைப் பார்த்தால் பயந்து சரியாகிவிடும்.

வேறொரு விஷயம். என் சிநேகிதன் ஒருவன் கேட்கச் சொன்னான். ஒருவர் உங்கள் படிவத்தில் பொய்த் தொகை எழுதிவிட்டால் உங்கள் அலுவலகம் என்ன செய்யும்? ஆய்வுக்காரர்களை அனுப்புமா? சும்மா, பொது அறிவுக்காகத்தான்.

உன் அம்மாவிடம் நான் இளைத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்.

உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். யாரும் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். இளைத்துவிட்டீர்களா?

உங்கள் சிநேகிதருக்குப் பதில்: ஆய்வுக்காரர்களை அனுப்பமாட்டோம். அனுப்பவும் கூடாது. நாங்கள் காவல்காரர்கள் இல்லை மாமா, எண்ணுகிறவர்கள். எங்களிடம் வந்த உண்மை எங்களோடேயே பூட்டிக் கிடக்கும். அவர் எழுதித் தந்தால் அந்த வரிசையை மட்டும் திருத்துவோம். அவ்வளவுதான் எங்களால் முடியும்.

நீங்கள் நான்கு வரிசைக்குக் கதை எழுதியிருக்கிறீர்கள். மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய்க்காவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

தொட்டியில் காற்று ஊதும் புளோயர்தான் உங்கள் பகுதியில் மின்சாரத்தை விழுங்கும் என்று நீங்களே முன்பு பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மாமா, புளோயர் ஓடுகிறதா?

உங்கள் மருமகள்


ஏப்ரல் 6

அன்பு மருமகளே,

பதில் தாமதமானதற்கு மன்னிப்பு. ராஜாங்க மாற்றம் நடந்தது.

எனக்குப் பதவி உயர்வு! இனி நான் அந்த நாற்றம் பிடித்த தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம். ஆலையின் பிரதான வாசலில் எனக்கென்று தனி ஆசனம். உள்ளே வரும் வாகனங்களெல்லாம் என் முன்னால் நின்று, தம் எண்ணைக் காட்டி, நான் நோட்டில் எழுதியபிறகுதான் நகர முடியும். எந்தச் சக்கரவர்த்திக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது? வெயில்கூட என்னைப் பார்க்க நேராக வருகிறது.

வேறு விசேஷமில்லை.

உன் மாமா


ஏப்ரல் 10

அன்புள்ள பாப்பாவுக்கு அத்தை எழுதுவது,

நீயும் உன் அம்மாவும் சுகந்தானே? எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை. பேசுற மாதிரியே எழுதுறேன்.

உன் மாமா பொய் சொல்வாருன்னு உனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணமான முதல் வாரத்துலயே தெரியும். ஆனா இந்தத் தடவை அவரு சொல்ற பொய்ய என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல.

பதவி உயர்வும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் கடுதாசி வந்த மறுவாரம், இவரு அஞ்சு வரிசைக்கும் கணக்குக் கேக்கப் போக, மானேஜர் கரண்டுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவுன்னு ஒரு தாளக் குடுத்து, இத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுன்னாராம். இவரு மாட்டேன்னுட்டாரு. வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டாங்க. இருபத்தாறு வருசம் வேல பாத்த மனுசன், லாரி நம்பர் எழுதிட்டு இருக்காரு. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எத்தன பேரு சலாம் போட்டாங்க தெரியுமா"ங்கிறாரு. சோத்தப் பெசஞ்சுட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிடுறாரு.

ஆபீசுலேர்ந்து ஒரு ஆள் வீட்டுக்கே வந்தான். "ஓய்வுப் பணத்துக்கு மானேஜர் கையெழுத்து வேணும்ல அக்கா, நீங்க எடுத்துச் சொல்லுங்க"ன்னான். நான் இவருக்கிட்ட கையெழுத்துப் போடுங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல.

இன்னொண்ணு. வாய்க்கா ஓரத்து வீட்டுக்காரி ஒருத்தி என்கூடப் பேசுறத நிறுத்திட்டா. அவ பிள்ளைக்கு உடம்பு பூரா தடிப்பு. "உங்க வீட்டுக்காரருதான அங்க பெரிய ஆளு"ன்னு கேட்டா. இவருக்கிட்ட நான் சொல்லல. அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அவ வீட்டு வழியா நடக்குறதையே விட்டுட்டு, ரெண்டு தெரு சுத்தி வராரு.

நீ ஏதாவது எழுது. நான் எழுதுனேன்னு சொல்லாத.

அத்தை


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் ஆசனத்துக்கு வாழ்த்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டேன். முதலில், "எதுவும் எழுதாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஆகஸ்ட் வந்துவிடும்" என்றுதான் எழுதினேன். என் மாமாவாக மட்டும் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது பொய். பதில் வராத ஆலைக்கு, அதே அளவுள்ள மற்ற சாய ஆலைகளின் சராசரியைக் கணினி தானாக நிரப்பிவிடும். பல நாடுகளிலும் இதுதான் முறை. இந்த வருஷச் சராசரி 5,100. நீங்கள் பேசாமல் இருந்தால், சரிசரி சொன்ன பொய்யைவிட முன்னூறு அதிகமாக உங்கள் ஆலையின் பெயரில் விழும்.

எங்களுக்குக் காலி வேறு, பூஜ்யம் வேறு மாமா. பூஜ்யத்தை யாராவது கையால் எழுதினால்தான் உண்டு.

படிவத்தில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. இருபதாம் தேதி வரை. என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் உங்கள் மருமகள்தான்.

வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

மருமகளே,

நலம் என்று எழுத வேண்டும் என்பது முறை. எழுதிவிட்டேன்.

திருத்திய படிவம் இதோடு இருக்கிறது. ஐந்து வரிசையிலும் பூஜ்யம். புளோயர் நின்று இருபத்தேழு மாதம் ஆகிறது. பேரிங் இறுகிவிட்டது. மாற்ற வேண்டுமென்று நான் எழுதிக் கொடுத்தேன், "சரி சரி" என்றார். பேரிங் விலை பெரிதில்லை, மாற்றினால் ஓட்ட வேண்டும், ஓட்டினால் கரண்டு. "பழுது பார்க்கப்படுகிறது" என்று ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் தொட்டிக்கு வராமலேயே வாய்க்காலுக்குப் போகிறது. நீ பார்த்த மூன்று 4,800-இல் பழையது மட்டும் நிஜம். மற்ற இரண்டையும் அதைப் பார்த்துச் சரிசரி சொன்னார், நான் எழுதினேன். என் கையெழுத்துதான்.

கூலி வரிசையிலும் பூஜ்யம் போட்டிருக்கிறேன். சம்பளம் வாங்கினேன். அதனால் ஒரு குடம் தண்ணீர் சுத்தமாகவில்லை.

"ஆயிரத்தில் எழுதவும்" என்பதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? மூன்று தடவை படித்தேன். பொய்யை ஆயிரம் மடங்கு ஊதிவிட்டால் யாராவது நம்பாமல் கேட்க வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். நீ வந்தாய். மூன்று பூஜ்யத்தை மரியாதையாக வெட்டிவிட்டு, மிச்சப் பொய்யை என் கையிலேயே கொடுத்தாய். உன்மேல் தப்பில்லை.

நகல் ஒன்றைச் சரிசரியின் மேஜையில் வைத்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்க வேண்டாம்.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

மாமா


ஜூலை 22

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. அம்மா தினமும் கேட்கிறாள்.

அறிக்கை வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். உங்கள் பூஜ்யத்தால் நாட்டின் மொத்த எண் மூன்றாவது தசமத்தில்கூட அசையவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆனால் அதிகாரி ஒரு காரியம் செய்தார். வருஷா வருஷம் ஒரே தொகையை எழுதும் ஆலைகள் எத்தனை என்று தேடச் சொன்னார். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கும் ஐந்து வரிசை கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்று யாருக்கும் சொல்லமாட்டோம்.

ஓய்வுப் பணம் என்ன ஆயிற்று? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 4

அன்பு தசமப்புள்ளியே,

நலம், நலம், மறுபடியும் நலம். மூன்று கடிதத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி நடந்த என் பிரிவுபசார விழாவை விவரிக்கச் சொற்கள் இல்லை என்றாலும் விவரிக்கிறேன். ஆலையின் அத்தனை சங்குகளும் ஒரே நேரத்தில் ஊதின. சரிசரி என்னைக் கட்டிப்பிடித்து அழுத கண்ணீர் வாய்க்காலில் வெள்ளமாகப் போனது. அந்தக் கண்ணீரைச் சுத்தம் பண்ணவே தனித் தொட்டி கட்டவேண்டியதாயிற்று. வாய்க்கால் தெளிந்த தெளிவில் மேகங்கள் ஆகாயம் எது என்று தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. ஓய்வுப் பணத்தை ஏழு லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஏழின் எண்ணையும் நானே நோட்டில் எழுதினேன்.

சரி. அத்தனையும் பொய். ஒரு விழாவும் இல்லை. என் பணம் "பரிசீலனையில்" இருக்கிறது. எவ்வளவு நாள் பரிசீலிப்பார்கள் என்று கேட்டேன். "சரி சரி" என்றார்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். கடைசி வாரம் நான் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பேரிங் வாங்கினேன். பாதி என் காசு, பாதி உன் அத்தை காசு. கடைசி நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தொட்டிப் பக்கம் போனேன். ஆலை எலெக்ட்ரீஷியன், தன் வேலை போய்விடும் என்ற பயத்தோடு விளக்குப் பிடித்தான். "அண்ணே, சீக்கிரம்ணே" என்று நூறு தடவை சொன்னான். மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது.

சத்தம் கேட்டுச் சரிசரி வந்தார். நிறுத்து என்றும் சொல்லவில்லை, ஓட்டு என்றும் சொல்லவில்லை. ஆணியிலிருந்து அந்தப் பலகையை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டினபோது சத்தம் கேட்டது. தெருமுனை திரும்பின பிறகு பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. இப்போது ஓடுகிறதா, எனக்குத் தெரியாது. ஆனால் இனி அதைப் பழுது என்று ஒருவரும் எழுத முடியாது.

அன்றைக்கு வழக்கம்போல் இரண்டு தெரு சுற்றாமல், வாய்க்கால் ஓரமாக நேர்வழியில் வீட்டுக்கு வந்தேன். அந்தக் குழந்தையின் அம்மா தன் வீட்டு வாசலில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

உங்கள் அறிக்கையில் பதினாலாம் பக்கத்தில் "வீட்டார் செய்த செலவு" என்று ஒரு அட்டவணை இருக்கிறது. ரசீது இதோடு இருக்கிறது. தொகை 1,860. ஆலையின் வரிசையில் தவறிப்போய்ச் சேர்த்துவிடாதே, இது உன் அத்தையும் நானும் செய்த செலவு. ஆயிரத்தில் எழுதினால் 2 என்று வரும். அதில் நூற்று நாற்பது மிகை. அந்த அளவாவது எனக்கு விட்டுவை. மற்றது உண்மை.

உன் மாமா